நோய்ப்பரவல் வந்தால் சமூகப் புத்தாக்கக் கூடம் என்ன செய்ய வேண்டும்: புதிதாகச் சேரும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழகத்துச் சமூகப் புத்தாக்கக் கூடத்தில், அதாவது மாணவர்கள் சமூக அமைப்புகளோடு சேர்ந்து அவற்றின் சிக்கல்களுக்குத் தீர்வு செய்து பார்க்கும் இடத்தில், சேரும் மாணவருக்கு ஒரு பருவத்தின் போக்கு சீக்கிரமே பழகிவிடும். முதல் சில வாரம் ஓர் அமைப்பைப் போய்ப் பார்ப்பது, பிறகு நேர்காணல், பிறகு ஒரு மாதிரியைச் செய்து சோதிப்பது, 13ஆம் வாரத்தில் படைப்பு. நோய்ப்பரவல் இந்தக் கணக்குக்குக் காத்திருக்காது. சிங்கப்பூரில் கொவிட்-19 தொற்றிய முதல் நபர் உறுதியானது 2020 ஜனவரி 23 அன்று. பிப்ரவரி 7ல் நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலையான டோர்ஸ்கான் ஆரஞ்சுக்கு உயர்ந்தது. ஏப்ரல் 7ல் சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். கூட்டிப் பார்த்தால் 75 நாள். ஒரு பருவத்தைவிடக் குறைவு.

அத்தகைய நேரத்தில் ஒரு கூடம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, ஏற்கெனவே களத்தில் நிற்கும் அமைப்புகளுக்கு எங்கே ஆள் பற்றவில்லையோ அங்கே போய் நிற்பது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதை ஒட்டியவை.

எதை நிறுத்துவது: முதல் இரண்டு நாள்

அறிவிப்பு வந்தவுடன் புது யோசனைக்கான கூட்டம் போடாதீர்கள். கூடத்தில் நடக்கும் எல்லாத் திட்டங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரம் வேண்டும்: நேரில் யாரைச் சந்திக்கிறோம், அவர்களுடைய வயதும் உடல்நிலையும் எப்படி, ஓர் அறையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர், நாம் போகாவிட்டால் அந்த வாரமே அவர்களுக்கு எது குறையும். கடைசி விவரத்தை நிரப்பும்போதுதான் முடிவு தெளிவாகும். மூத்தோர் நிலையத்தில் நடக்கும் கைவினை வகுப்பை உடனே நிறுத்தலாம். ஆனால் அதே வகுப்புக்கு வரும்போதுதான் ஒரு பாட்டி தன் மருந்துப் பெட்டியை யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறார் என்றால், வகுப்பு நின்ற அன்றே அந்த உதவிக்கு மாற்று வழி இருக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் இரண்டு நிலையங்களுக்குப் போகும் தொண்டூழியரை முதலில் ஓரிடத்துக்கு மட்டும் என்று ஆக்குங்கள். கிருமியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் வாய்ப்பு அவருக்கே அதிகம். அவர் பெரும்பாலும் கூடத்தின் மிகத் துடிப்பான ஆளாகவும் இருப்பார், அதனால் இதைச் சொல்ல எல்லாருக்கும் தயக்கமாக இருக்கும். தயங்காமல் சொல்லுங்கள்.

நிறுத்துவதை அமைப்புக்கு முதலில் தொலைபேசியில் சொல்லி, பிறகு மின்னஞ்சலில் எழுதுங்கள். என்றிலிருந்து நிற்கிறது, எந்தத் தேதியில் மறுபடி பேசலாம், அதுவரை யாரைக் கூப்பிடலாம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். தேதி போடாத மின்னஞ்சலைப் படிக்கும் அமைப்பு, கூடம் கைவிட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும்.

விதிமுறைகளைச் சுகாதார அமைச்சின் பக்கத்திலும், 2025 ஏப்ரல் 1ல் தொடங்கப்பட்ட தொற்றுநோய் அமைப்பான சிடிஏவின் பக்கத்திலும் நேரடியாகப் பாருங்கள். வளாகத்தின் விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம். இரண்டில் எது கடுமையோ அதைப் பின்பற்றுங்கள்.

அமைப்பிடம் கேட்பது

ஓர் அமைப்புக்கு ஒரு தொடர்பாளர், அவ்வளவுதான். ஐந்து மாணவர்கள் ஐந்து படிவத்தோடு ஒரே குடும்பச் சேவை நிலையத்தை அணுகினால், ஊழியர் பற்றாக்குறையில் தவிக்கும் அந்த இடத்துக்கு நாமே இன்னொரு சுமை.

“என்ன உதவி வேண்டும்?” என்று கேட்டால் “இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், நன்றி” என்றுதான் பதில் வரும். களைத்துப்போன ஊழியருக்கு யோசித்துப் பட்டியல் போட நேரம் கிடையாது. “நேற்று எந்த வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போனீர்கள்?” என்று கேளுங்கள். தொலைபேசிப் பட்டியலைச் சரிபார்க்கவில்லை, உணவுப் பொட்டலம் எந்த மாடிக்குப் போகிறது என்ற அட்டவணை குழம்பிக் கிடக்கிறது, தமிழ் பேசும் ஆள் இல்லை என்று உருப்படியான பதில்கள் வரும். அவற்றில் இரண்டு நாளில் முடிக்கக்கூடியதை முதலில் எடுங்கள். சின்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்த பிறகுதான் பெரிய வேலையை நம்பி ஒப்படைப்பார்கள்.

வெளிநாட்டு ஊழியர் தொடர்பான வேலை என்றால் ஹெல்த்சர்வ், டிடபிள்யூசி2, வெளிநாட்டு ஊழியர் நிலையம், இட்ஸ்ரெயினிங்ரெயின்கோட்ஸ் போன்ற உதவி அமைப்புகள் பல ஆண்டுகளாகக் களத்தில் உள்ளன. ஊழியர்கள் தங்கும் விடுதிக்குள் தனியாகப் போக முயலாதீர்கள். 2020ல் பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியில் தொடங்கி ஒவ்வொரு விடுதியாகத் தொற்றுநோய்கள் சட்டத்தின்கீழ்த் தனிமைப்படுத்தும் இடமாக அறிவிக்கப்பட்டபோது, வெளியாள் உள்ளே போக வழியே இருக்கவில்லை.

பெயரும் எண்ணும்

அவசரத்தில் மிக எளிதாக நடக்கும் தவறு தகவல் சேகரிப்பில்தான். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கட்டாயப்படுத்தாத, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யவும் தேவைப்படாத இடத்தில் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது. வொர்க் பெர்மிட் எண்ணையும் அதே கவனத்தோடு கையாளுங்கள். உணவுப் பொட்டலம் கொடுக்கப் பெயர், தொலைபேசி எண், புளோக், மாடி, உணவுக் கட்டுப்பாடு போதும். படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் “இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்?” என்று கேளுங்கள். பதில் இல்லாத கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழு தொடங்கினால் உறுப்பினர் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். உதவி பெறும் குடும்பங்களை அப்படி ஒரே குழுவில் போடுவது அவர்களை அக்கம்பக்கத்தார் முன்னால் நிறுத்துவதற்குச் சமம். பிராட்காஸ்ட் பட்டியல் நல்ல மாற்று. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், உங்கள் எண்ணைத் தன் தொலைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பாதிப் பேருக்குச் செய்தி போகவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முதல் தொடர்பிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லி, பதிலுக்கு ஒரு “சரி” அனுப்பச் சொல்லுங்கள்.

சேவையையும் ஆய்வையும் கலக்காதீர்கள். ஆய்வுக்காகக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நேர்காணல் நேரிலிருந்து ஸூமுக்கு மாறினால்கூடத் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். அரிசிப் பை வாங்க வந்தவரிடம் “அப்படியே ஒரு கருத்தாய்வு” என்று நீட்டினால், மறுத்தால் அடுத்த வாரம் பை கிடைக்காதோ என்ற பயத்திலேயே அவர் நிரப்பித் தருவார். அது சம்மதம் ஆகாது.

தமிழ் ஊழியர்களுக்குச் செய்தி

தமிழ் பேசும் மாணவர் ஒரு கூடத்துக்குச் சேர்க்கக்கூடிய பெரிய பலம் இதில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2020ல் விடுதிகளில் 3 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு ஊழியர்கள் இருந்தார்கள். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் மேல் இருப்பது வழக்கம். அறையில் ஒருவருக்குப் புரிந்தால் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார். அந்த ஒருவருக்கே தவறாகப் புரிந்தால் அறை முழுக்கத் தவறு பரவும்.

எழுத்தைவிடக் குரல் நல்லது. 40 முதல் 60 வினாடி வரை ஒரு குரல் பதிவு, அதில் ஒரே ஒரு செய்தி. சளி பரிசோதனை எப்போது என்பதையும், சாப்பாடு எங்கே வாங்குவது என்பதையும் ஒரே பதிவில் திணிக்காதீர்கள். தொடக்கத்திலேயே தேதியைச் சொல்லுங்கள்: “இன்று மே 4, திங்கட்கிழமை. இது நாளைக்கு நடக்கும் பரிசோதனை பற்றி.” விதிகள் வாரத்துக்கு வாரம் மாறும் காலத்தில் பழைய பதிவுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாத பதிவு பத்து நாள் கழித்து ஊழியரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். படமாக அனுப்பினால் தேதியை மேல் மூலையில் பெரிதாகப் போடுங்கள். பிடிஎஃப் வேண்டாம், டேட்டாவைத் தின்னும். சின்னத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி யாரும் படிக்கமாட்டார்கள். வங்காளதேச ஊழியர்கள் பலர் இமோ என்ற செயலியில் இருப்பார்கள். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பினால் அவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

பதிவு செய்ததும் அனுப்பிவிடாதீர்கள். ஐந்து ஊழியர்களுக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டி, “புரிந்ததா அண்ணே?” என்று கேட்காமல், “நாளைக்குக் காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். இரண்டாவதற்கு வரும் பதிலில்தான் எந்த வரி சறுக்குகிறது என்று தெரியும். ஐந்து பேரில் இருவர் ஒரே இடத்தில் தவறினால் அந்த வரியை மாற்றிப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

ஆக்சிமீட்டர் விஷயத்தைப் பாருங்கள். 2020ல் விடுதிகளில் பலருக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொடுக்கப்பட்டது. திரையில் இரண்டு எண் வரும்: ஒன்று இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு (எஸ்பிஓ2), இன்னொன்று நாடித்துடிப்பு. நாடி 78 என்பதை ஆக்சிஜன் 78 என்று படித்துப் பதறுவது சாதாரணம். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. விரலை நீட்டித் தலைகீழாகப் படித்தால் 98 என்பது 86 ஆகத் தெரியும், 89 என்பது 68 ஆகத் தெரியும். 96ஐ எப்படித் திருப்பினாலும் 96தான். ஆகவே வழிகாட்டிப் படத்தில் கருவியை வரைந்தால் போதாது; ஊழியரின் கண்ணிலிருந்து பார்க்கும்போது விரல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்பதையும் வரைய வேண்டும். “எஸ்பிஓ2 என்று எழுதியிருக்கும் எண்” என்று குரலிலும் சொல்ல வேண்டும். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளவும், நகத்தில் மருதாணி இருந்தால் வேறு விரலில் மாட்டவும், எண் நிலைக்கும்வரை அரை நிமிடம் அசையாமல் இருக்கவும் சொல்லுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை மருத்துவக் குழுதான் முடிவு செய்யும். நீங்களாக ஓர் எண்ணைப் போடாதீர்கள்.

செய்தி அனுப்ப நல்ல நேரம் இரவு 8 மணிக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை. அனுப்பிய பின் ஒரு மணி நேரமாவது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். வரும் கேள்விகளில் பாதிக்கு நோயோடு சம்பந்தம் இருக்காது: சம்பளம் வருமா, பெர்மிட் முடிகிறதே என்ன செய்வது, ஊருக்குப் பணம் அனுப்ப எப்படிப் போவது. இவற்றுக்கு மனிதவள அமைச்சின் அறிவிப்பைப் பார்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குத் திருப்பிவிடுங்கள். சம்பளம் பற்றிய கவலையில் இருப்பவர் காதில் கை கழுவும் முறை ஏறாது.

மூத்தோரைத் தொலைபேசியில் அழைப்பது

ஒரு தொண்டூழியருக்கு ஐந்து மூத்தோர், வாரம் இரண்டு அழைப்பு, ஓர் அழைப்புக்குப் பதினைந்து நிமிடம். இதற்கு மேல் போனால் இரண்டாவது வாரமே தேய்ந்துவிடும். மோசடி அழைப்புகளுக்குப் பயந்து, தெரியாத எண்ணை எடுக்கவே வேண்டாம் என்று மூத்தோருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த எச்சரிக்கையை நாமே உடைக்கக் கூடாது. முதல் அழைப்பை நிலைய ஊழியர் செய்து, எந்த நாள், எந்த நேரம், யார் பேசுவார் என்று சொல்லிவைக்க வேண்டும். பிறகு நீங்கள் தொடங்கலாம்: “வணக்கம்மா, வியாழக்கிழமை சாயந்தரம் ஒரு மாணவர் கூப்பிடுவார்னு நிலையத்துல சொன்னாங்கல்ல, அது நான்தான்.” வங்கிக் கணக்கு, ஓடிபி, அடையாள அட்டை எண் எதையும் கேட்கமாட்டோம் என்பதையும் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

“சாப்பிட்டீங்களா?” என்றால் “ஆச்சுப்பா” என்றுதான் வரும். “மதியம் என்ன சமைச்சீங்க?” என்று கேட்டால் காலையிலிருந்து பிஸ்கட் மட்டும்தான் என்பது தெரியவரும். “மாத்திரை இருக்கா?” என்பதைவிட “அட்டையில இன்னும் எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்களேன்” நல்லது. ஏழு நாளுக்குக் குறைவாக இருந்தால் அன்றே நிலையத்துக்குச் சொல்லுங்கள். எப்போதும் எடுப்பவர் ஒரே நாளில் இரண்டு முறை எடுக்கவில்லையென்றால், ஊழியர் போய்க் கதவைத் தட்ட ஏற்பாடு இருக்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் 995. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அழைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே, இன்னொரு தொலைபேசியில் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 24 மணி நேர எண் 1767.

பொருள் செய்ய ஆசை வந்தால்

முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கும் எந்த வளாகத்திலும் முதல் வாரமே முகத்தடுப்பு செய்யும் யோசனை எழும். முதலில் பெறுபவரைக் கேளுங்கள். மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழு எழுத்தில் ஏற்காத பொருளை மருத்துவமனைக்குச் செய்யாதீர்கள். மருத்துவச் சாதனத்துக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளும் உண்டு. உணவு விநியோகிக்கும் அமைப்புக்கென்றால் எளிது.

முகத்தடுப்பைத் தாங்கும் நெற்றிப்பட்டையை அச்சிட்டால் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். அடுக்கடுக்காகப் படிவதால் அதன் இடுக்குகளில் அழுக்கு தங்கும். அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும் என்பதால் கொதிநீரில் போட முடியாது. தட்டையான பெட் (PET) பிளாஸ்டிக் தாளை லேசரில் வெட்டி, நுரைப்பட்டை ஒட்டி, எலாஸ்டிக் கட்டுவது பல மடங்கு வேகம். ஆனால் கடையில் கிடைக்கும் புத்தக அட்டைத் தாள்களில் பல பிவிசி. பிவிசியை லேசரில் வெட்டினால் நச்சு வாயு வரும், இயந்திரமும் அரிக்கும். தாளின் பெயர் உறுதியாகத் தெரியாமல் லேசரில் வைக்கவே கூடாது.

துடைப்பதற்கான பிளீச் கரைசலை மாணவர்களே தயாரிக்கலாம். 5% உள்ள வீட்டு பிளீச் 20 மி.லி., தண்ணீர் 980 மி.லி. சேர்த்தால் 0.1% கிடைக்கும். புட்டியில் போட்டிருக்கும் விகிதத்தை முதலில் பாருங்கள், எல்லாம் 5% அல்ல. அன்றன்றைக்குக் கலக்குங்கள், வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தோடும் சேர்க்காதீர்கள்.

கைச் சுத்திகரிப்பான் மட்டும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 லிட்டர் வாய்ப்பாடு பார்க்க எளிது: 96% எத்தனால் 8,333 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98% கிளிசரால் 145 மி.லி., மீதி காய்ச்சி ஆறிய தண்ணீர். பிறகு 72 மணி நேரம் மூடி வைக்க வேண்டும்; புட்டியில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளைப் பெராக்சைடு அழிப்பதற்கான நேரம் அது. அவசரத்தில் இந்த மூன்று நாளைத்தான் எல்லாரும் வெட்டுவார்கள். எட்டு லிட்டர் எத்தனால் தீப்பற்றும் பொருள் என்பதால் வேதியியல் ஆய்வுக்கூட ஊழியர், வளாகப் பாதுகாப்பு அலுவலகம் இரண்டும் இல்லாமல் தொடக் கூடாது.

மடிக்கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பழைய கணினிகளைச் சீர்செய்து கொடுக்கும் வேலையை 2020ல் எஞ்சினியரிங் குட் அமைப்பு ஏற்று நடத்தியது. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது தனியாகத் தொடங்காமல் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். சார்ஜர் இருக்கிறதா, கேமரா வேலை செய்கிறதா, வீட்டில் இணையம் உண்டா என்ற மூன்றையும் சரிபார்க்கும் ஆள்தான் அங்கே எப்போதும் குறைவு.

பணத்தைப் பற்றி ஒரே பேச்சு: பொதுமக்களிடம் கேட்பதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலகத்தைக் கேளுங்கள். வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிக்க உரிமம் வேண்டும். சொந்த பேநவ் எண்ணுக்கு ஒரு வெள்ளிகூட வாங்காதீர்கள்.

ஒப்படைப்பும் ஒத்திகையும்

தேர்வு வாரம் வரும், மாணவர்கள் மறைவார்கள். நவம்பரிலும் ஏப்ரல் பிற்பகுதியிலும் அழைப்புப் பட்டியல் காலியாகும் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். அதற்கு மூன்று வாரம் முன்பே, யார் யாரை அழைக்கிறார்கள், யாருக்கு என்ன பிடிக்கும், எந்த விஷயத்தைப் பேசக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி அமைப்பிடம் கொடுங்கள். புதியவர் முதல் இரண்டு அழைப்பைப் பழையவரோடு சேர்ந்து செய்யட்டும். வேலை முடிந்ததும் தொலைபேசிகளில் இருக்கும் எண்களையும் படிவங்களையும் அழித்து, அழித்த தேதியைப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். அடுத்து வருவது கொவிட் மாதிரியே இருக்க வேண்டும் என்பதில்லை. 2013 ஜூனில் புகைமூட்டத்தால் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. 2016ல் அல்ஜுனிட் வட்டாரத்தில் ஸிக்கா பரவியபோது முதலில் பாதிக்கப்பட்டவர்களில் பலர் கட்டுமான ஊழியர்கள். 2020ல் கொவிட்டுக்கு நடுவிலேயே 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது.

ஒரு புதன்கிழமை மாலை 6 மணிக்கு, வளாகத்துக்கு யாரும் வராமல், மூன்றே வேலை: ஒரு மணி நேரத்தில் நிறுத்தும் திட்டங்களின் தாளைப் புதுப்பிப்பது, அன்றிரவே ஒரு தமிழ்க் குரல் பதிவை ஐந்து பேரிடம் சோதித்து முடிப்பது, பட்டியலில் உள்ள பத்து எண்களை அழைத்துப் பார்ப்பது. பத்தில் சில எண்கள் மாறியிருக்கும், அவற்றை அன்றே திருத்துங்கள். அதைவிட அடிக்கடி வெளிப்படும் கோளாறு கடவுச்சொல்: கூடத்தின் வாட்ஸ்அப் எண்ணும் படிவக் கணக்கும் போன ஆண்டு பட்டம் பெற்றுப் போன மாணவர் ஒருவரின் பெயரில் இருக்கும். கணக்கு எல்லாவற்றுக்கும் கூடத்தின் நிரந்தர ஊழியர் இருவரை நிர்வாகிகளாகப் போட்டு வையுங்கள்.